நோயே வராத என்னிடம் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள்?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன விருந்தில் சாப்பிட்ட சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்திருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நாலு நாள் கழித்து எபிடெமியாலஜிஸ்ட், அதாவது ஒரு நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று ஆராய்பவர், என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போன் செய்து, எதைச் சாப்பிட்டீர்கள், எதைத் தொடவே இல்லை, எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள் என்று அரை மணி நேரம் குடைந்திருக்கிறார். "நன்றாக இருக்கும் என்னிடம் என்ன விசாரணை? கொரோனா ஓய்ந்ததும் இவர்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டதா?" என்று எரிச்சலோடு கேட்டிருக்கிறீர்கள். மேலே தெரிவது இந்தத் துறைக்காரர்கள் என்னதான் செய்கிறார்கள் என்ற கேள்வி. அதற்கு அடியில் இருப்பது, நோய் வராதவருக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்பது. அடியில் இருப்பதுதான் நல்ல கேள்வி, அதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

இருபது வருடத்துக்கும் மேலாக இதே வேலையில் இருக்கிறேன். டாக்டர் இல்லை, புள்ளியியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன். அதனால் தயவுசெய்து கீழே வந்து யாரும் மருந்து கேட்காதீர்கள்.

எபிடெமியாலஜி என்ற பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. தமிழில் இதைப் பலர் தொற்றுநோயியல் என்று எழுதிவிடுகிறார்கள், அது பாதிதான் சரி. புகையிலை தொற்றாது, சாலை விபத்து தொற்றாது, மாரடைப்பு தொற்றாது, இவை எல்லாமே எங்கள் வேலைதான். நோய்ப்பரவியல் என்ற சொல் எனக்குப் பிடிக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது என்று மட்டும் அதற்குப் பொருள் கொள்ளாமல், ஒரு நோய் மக்களுக்கு நடுவே எப்படிப் பரந்து கிடக்கிறது, யாருக்கு வருகிறது, யாரைத் தொடாமல் போகிறது, ஏன் இந்த வருடம், ஏன் அந்தத் தெரு என்று எடுத்துக்கொண்டால் மொத்த வேலையும் அதற்குள் வந்துவிடும். டாக்டரைத் தேடி நோயாளி வருவார். எங்களைத் தேடி யாரும் வருவதில்லை, நாங்கள்தான் போகிறோம், போகிற இடத்தில் பாதிப் பேர் உங்களைப் போல நன்றாக இருப்பவர்கள்.

ஏன் என்பதற்கு ஒரு பழைய கணக்கு. 1940 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ மாவட்டத்தில் ஒரு தேவாலயத்தில் இரவு விருந்து நடந்தது. வந்தவர்கள் 80 பேர், அவர்களில் 75 பேரை விசாரிக்க முடிந்தது, 46 பேருக்கு உடம்புக்கு முடியாமல் போயிருந்தது. இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு இன்றும் இதைத்தான் முதல் பயிற்சியாகக் கொடுப்பார்கள். நானும் போட்டிருக்கிறேன், பிறகு பிறருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நோய் வந்த 46 பேரை மட்டும் கேட்டால், அதில் 29 பேர் பன்றி இறைச்சி சாப்பிட்டதாகச் சொல்கிறார்கள். பாதிக்கும் மேல், அதுவும் இறைச்சி, பிடித்துவிட்டோம் என்று தோன்றும். இப்போது நோய் வராதவர்களையும் சேர்த்துப் பாருங்கள். இறைச்சி சாப்பிட்ட 46 பேரில் 29 பேருக்கு நோய், அதாவது 63 சதவீதம். சாப்பிடாத 29 பேரில் 17 பேருக்கு நோய், 59 சதவீதம். தின்றவருக்கும் தின்னாதவருக்கும் கிட்டத்தட்ட ஒரே நிலைமை, ஆக இறைச்சி நிரபராதி. வெனிலா ஐஸ்கிரீமுக்கு வாருங்கள். சாப்பிட்ட 54 பேரில் 43 பேர் படுத்துவிட்டார்கள், 80 சதவீதம். சாப்பிடாத 21 பேரில் 3 பேர்தான், 14 சதவீதம். இந்த 14 எங்கிருந்து வந்தது? ஐஸ்கிரீமைத் தொடாமல் நன்றாக இருந்த 18 பேர் பொறுமையாகப் பதில் சொன்னதிலிருந்து. நீங்கள் அந்த 18 பேரில் ஒருவர்.

ஐஸ்கிரீம் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாத 11 பேரும், சாப்பிடாமலே படுத்த 3 பேரும் புதிதாகப் படிப்பவர்களைத் தூங்கவிட மாட்டார்கள். எல்லா விசாரணையிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். ஒரு கரண்டி சாப்பிட்டவரும் மூன்று கிண்ணம் சாப்பிட்டவரும் பட்டியலில் ஒன்றாகத்தான் வருவார்கள், ஒரே கரண்டியை இரண்டு பாத்திரத்தில் போட்டிருப்பார்கள், வேறு காரணத்தால் வயிறு கெட்டவர் இந்தக் கணக்கில் மாட்டியிருப்பார், நினைவும் ஏமாற்றும். கணக்கு ஒழுங்காக மூலைக்கு மூலை பொருந்தி வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தங்கும் விடுதியில் முப்பது நாற்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. படுத்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு லைன் லிஸ்ட் போட்டேன். லைன் லிஸ்ட் என்பது ஆளுக்கு ஒரு வரி: பெயர், வயது, எந்த அறை, எப்போது தொடங்கியது, என்ன சாப்பிட்டார். எல்லாரும் காலையில் ஒரே குழம்பைச் சாப்பிட்டிருந்தார்கள். குழம்புதான் காரணம் என்று பெருமையாக எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். மேலதிகாரி அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்து, "தம்பி, குழம்பைச் சாப்பிட்டும் நல்லா இருக்கிறவங்க எத்தனை பேர்?" என்றார். விடுதியில் இருநூறு பேர் இருந்தார்கள், எல்லாரும் அதைத்தான் சாப்பிட்டிருந்தார்கள். திரும்பிப் போய் நன்றாக இருந்தவர்களையும் கேட்டபோது, நோய் வந்தவர்களும் வராதவர்களும் தளம் வாரியாகப் பிரிந்தார்கள். மேல் தளத்தில் இருந்தவர்கள் தனித் தொட்டியில் தண்ணீர் பிடித்தார்கள், நோய் முழுக்க அங்கேதான் இருந்தது. நான் பழி போட்ட சமையல்காரர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். இருபது வருடம் ஆகியும் அது உறுத்துகிறது.

இந்தத் துறையைப் பற்றிப் பேசினாலே எல்லாரும் லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோவிடம் போய் நிற்பார்கள். 1854ல் லண்டன் பிராட் தெருவில் காலரா, தெருப் பம்பின் தண்ணீரால்தான் அது பரவுகிறது என்று ஸ்னோ சொல்ல, பம்பின் கைப்பிடியைக் கழற்றிய கதை. வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள், செத்தவர்களைக் கறுப்புக் கோடுகளாக அடுக்கியிருப்பார். எனக்கு அதில் சுவாரசியம் சாகாதவர்கள்தான். அதே தெருவில் ஒரு பீர் வடிப்பாலை, எழுபது பேருக்கு மேல் வேலை செய்தார்கள், யாரும் காலராவில் சாகவில்லை. அவர்களுக்கு பீர் கிடைத்தது, சொந்தக் கிணறும் இருந்தது, தெருப் பம்புக்குப் போகவே இல்லை. பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர், இறந்தது 5 பேர்தான், அங்கேயும் சொந்தக் கிணறு. சுற்றிலும் வீட்டுக்கு வீடு பிணம் விழும்போது அந்த விடுதி மட்டும் தப்பியதென்றால், கெட்ட காற்றால் காலரா வருகிறது என்ற அன்றைய நம்பிக்கை எப்படி நிற்கும்? எல்லாரும் ஒரே காற்றைத்தானே சுவாசித்தார்கள்.

ஆனால் கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்றது என்று சொல்வது சரியில்லை. செப்டம்பர் 8ம் தேதி கழற்றியபோது நோய் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பகுதி ஜனம் பெரும்பாலும் ஓடியிருந்தது. ஸ்னோவே அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். கைப்பிடியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. காலராவுக்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக் நிறுவியது 1884ல், கல்கத்தாவில் வைத்து. முப்பது வருடத்துக்கு முன்பே, கிருமி எது என்றே தெரியாமல், எந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று சொல்ல முடிந்திருக்கிறது. காரணத்தின் முகம் தெரியாமலே வழியை அடைக்கலாம். எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

சரி, அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். புகை பிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1950ல் தெரியாது. அந்த வருடம் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் லண்டன் மருத்துவமனைகளில் எடுத்த கணக்கை வெளியிட்டார்கள். தொடங்கும்போது சாலையில் ஊற்றும் தாரோ வண்டிப் புகையோதான் காரணம் என்று டால் நினைத்திருந்தார். நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 2 பேர். அடேயப்பா, 647 பேர் புகைத்திருக்கிறார்களே என்று குதிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் புகைக்காத ஆம்பிளையைப் பார்ப்பதே அரிது. வேறு நோய்க்காகப் படுத்திருந்த 649 ஆண்களைக் கேட்டபோது அங்கேயும் 622 பேர் புகைத்தவர்கள். மொத்த விஷயமும் புகைக்காதவர்கள் இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 27 என்ற வித்தியாசத்தில் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய் வராத அந்த 649 பேர் இல்லாவிட்டால் எதுவுமே தெரிந்திருக்காது. கணக்கு வரும்போதே டால் சிகரெட்டை விட்டுவிட்டார். அதோடு நிற்காமல் 1951ல் பிரிட்டிஷ் டாக்டர்களுக்கு அவர்களுடைய புகைப்பழக்கத்தைக் கேட்டுக் கடிதம் போட்டு, அவர்களை ஐம்பது வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகவே போய்ச் சேருகிறார்கள் என்று 2004ல் எழுதினார்கள். பஸ்ஸில், அலுவலகத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் புகைக்காமல் இருப்பது இன்று உங்களுக்கு இயல்பாகத் தெரிகிறதல்லவா, அதன் பின்னால் இந்தக் கடிதங்கள் இருக்கின்றன.

கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் பல மேலை நாடுகளில் டாக்டர்களே குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார்கள், வாந்தி எடுத்தால் மூச்சடைக்காது என்று. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகளையும் உயிரோடு இருந்த குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இறந்தவர்களில் குப்புறப் படுத்தவர்கள் மிக அதிகம். பிரிட்டனில் 1991ல், அமெரிக்காவில் 1994ல் மல்லாக்கப் படுக்கவைக்கும்படி பிரசாரம் தொடங்கினார்கள், சில வருடங்களில் அந்தச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. புது மருந்தோ கருவியோ எதுவும் வரவில்லை, குழந்தையைப் புரட்டிப் போட்டதுதான். வயிற்றெரிச்சலான பக்கமும் உண்டு: அதற்கு முந்தைய ஆய்வுகளைப் பின்னால் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், 1970லேயே இது தெரிந்திருக்க வேண்டியது என்று கண்டார்கள். இருபது வருடம் யாரும் அவற்றை ஒன்றாக அடுக்கிப் பார்க்கவில்லை.

நாங்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என் சொந்த அளவுகோல் இது: பத்து மடங்கு, இருபது மடங்கு என்று வித்தியாசம் இருக்கிறது, வேறு வேறு நாட்டில் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு முறையில் பார்த்தும் அதேதான் வருகிறது, கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது, விட்டால் குறைகிறது என்றால் தயங்காமல் நம்பலாம். புகையிலை அப்படி. மாறாக, இதைத் தின்பவர்களுக்கு அந்த நோய் 15 சதவீதம் குறைவு என்று ஒரே ஒரு ஆய்வை வைத்துச் செய்தி வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். மனிதன் போன மாதம் என்ன தின்றான் என்பது அவனுக்கே நினைவிருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்வதில்லை. நடப்பார், தூங்குவார், காசும் கொஞ்சம் கையில் இருக்கும், டாக்டரிடமும் நேரத்துக்குப் போவார். இதில் எது காப்பாற்றியது என்று பிரிப்பது லேசான காரியம் இல்லை.

இதில் நாங்கள் பெரிதாகச் சறுக்கியும் இருக்கிறோம். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று பல வருடக் கண்காணிப்பு ஆய்வுகள் சொல்லின, லட்சக்கணக்கானவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களை, யாருக்கு மாத்திரை யாருக்கு வெறும் மாவு மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். 2002ல் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தவேண்டி வந்தது. இதயத்துக்குப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை, ஆபத்து கொஞ்சம் கூடவே இருந்தது, மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்தது. முந்தைய ஆய்வுகளில் மாத்திரை எடுத்தவர்கள் முதலிலேயே வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்களாக இருந்தது ஒரு காரணம். எந்த வயதில் தொடங்கினால் என்ன ஆகும் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை, அதனால் யாரும் இதைப் படித்துவிட்டுத் தன் மாத்திரையைத் தானே நிறுத்த வேண்டாம், எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

சரியான கணக்கைத் தப்பாகச் சொன்னாலும் ஆபத்துதான். 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று எச்சரிக்கை விட்டார்கள். இரண்டு மடங்கு என்றதும் பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் அது 7,000 பேரில் ஒருவர் என்பது 7,000 பேரில் இருவர் என்றானது, அவ்வளவுதான். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டார்கள். கர்ப்பத்திலேயே ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதனால் இரண்டு மடங்கு, பாதி என்று எங்கே படித்தாலும், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தச் செய்தியை விட்டுவிடலாம்.

கொரோனா காலத்தில் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தீர்களே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிக் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். வாரத்துக்கு வாரம் தரவு மாறும்போது சொல்வதும் மாறத்தான் வேண்டும், அது தப்பில்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னதுதான் தப்பு. இது காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் அடித்துச் சொன்னது, பிறகு மாற்றிக்கொண்டது, அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. ஆனால் இன்னொரு பாதியில் குழப்பம் கேட்பவர்கள் பக்கம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களில் பாதிப் பேர் தடுப்பூசி போட்டவர்கள், அப்புறம் எதற்கு ஊசி என்று எனக்கே குறைந்தது நூறு பேர் அனுப்பியிருப்பார்கள். 1,000 பேர் இருக்கும் ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். ஆஸ்பத்திரியில் 20 பேர், இங்கே 10 அங்கே 10. சரிபாதிதான். ஆனால் 900ல் 10 என்பது நூற்றுக்கு ஒன்று சொச்சம், 100ல் 10 என்பது நூற்றுக்குப் பத்து. ஆஸ்பத்திரிக்குள் நின்று பார்த்தால் இது தெரியவே தெரியாது, வீட்டில் நன்றாக இருக்கும் 980 பேரையும் எண்ணினால்தான் தெரியும்.

எங்களால் முடியாதது ஒன்று உண்டு, தனி ஆளுக்குப் பதில் சொல்வது. எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை பீடி குடித்தார், ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டால், ஆமாம், ஆகவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆயிரம் பேரில் இத்தனை பேர் என்று சொல்வேன், அந்த இத்தனை பேரில் நீங்கள் உண்டா என்று சொல்ல எனக்கு வழியில்லை. நெருங்கியவருக்குப் புற்றுநோய் வந்து, ஏன் இவருக்கு மட்டும் என்று கேட்பவரிடம் சதவீதம் பேசவே கூடாது என்பதையும் கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

உங்களுக்கு வந்த போனைப் பற்றி. இன்னொரு முறையும் வரலாம், ஆய்வக முடிவு வந்தபின் ஏதாவது ஒன்றைச் சரிபார்க்கக் கூப்பிடுவார்கள். வங்கிக் கணக்கு, ஓ.டி.பி. எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை, அதைக் கேட்டால் வைத்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் எந்த அலுவலகம் என்று கேட்டு, அதன் எண்ணை நீங்களே தேடி எடுத்துத் திரும்பக் கூப்பிடலாம், நாங்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பதில் சொல்லும்போது நினைவில்லாததற்கு "நினைவில்லை" என்றே சொல்லுங்கள், அதற்கும் எங்கள் பட்டியலில் ஒரு கட்டம் இருக்கிறது. உதவுவதாக நினைத்து, அந்த ஐஸ்கிரீம் அப்போதே ஒரு மாதிரி இருந்தது என்று சேர்த்துச் சொல்வார்கள் பாருங்கள், அதுதான் எங்களுக்குத் தலைவலி.